உலை கொதிக்கும் வரை

தண்ணிப் பம்ப் வாங்கவென்று
கிளிநொச்சி ஏலத்துக்குப் போன மனிசன்
லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது
துடுப்பு மெஷின்.
ஏதோ வெளிநாட்டு நிறுவனம்
கந்தோரைப் பூட்டிப் போனபோது விட்டுப்போன சாமான்.
"பம்புக்குக் கனபேர் கேட்டிட்டாங்கள்" என்றார்,
"இதை ஒருத்தரும் கேக்கேல்லை."

மாங்குளத்தில் துடுப்பு!
ஆவணியில் எங்கள் கிணற்றில்
வாளி தரை தட்டும்.
ஜெசிந்தா அக்கா இருக்கையில் ஏறி
முன்னுக்கும் பின்னுக்கும் உருண்டு பார்த்து
"உதில இருந்து மரக்கறி வெட்டலாம் தயாபரி" என்றா.

கிளினிக் துண்டில் என் நிறை தொண்ணூற்றொன்று.
சீனி எவ்வளவென்று வீட்டில் சொல்லவில்லை.
"நடவுங்கோ" என்று மிஸ் போனமுறையும் சொன்னா.
சங்கக் கடைக் கதிரையில் எட்டு மணித்தியாலம் இருந்தெழும்பி
ஏ-ஒன்பது ஓரமாய் நடந்தால்
தெரிந்த ஆள் எவரும் மோட்டார்சைக்கிளை நிப்பாட்டி
"ஏறுங்கோ, எங்க போறியள்?"
எங்கேயும் போகவில்லை என்று
எப்படிச் சொல்வது?

இதுவும் எங்கேயும் போகாது.
அதுதான் பிடித்தது.

சட்டத்தில் ஒட்டியிருந்த படத்தில்
முகமில்லாத நாலு மனிசர்:
காலால் உதை, இடுப்பைச் சாய், கையால் இழு.
திரும்பும்போது கை, இடுப்பு, கால்.
நான் முதல் கிழமை முழுக்கக் கையாலேயே இழுத்தேன்,
கிணற்றுக் கயிற்றுப் பழக்கம்.
முதுகு பிடித்தது.
பிறகு இரண்டு மாதம் அது உடுப்புக் கொடி.
பிடியில் ஈரத் துவாய்,
இருக்கையில் மடிக்காத பள்ளிக்கூடச் சட்டை,
சில்லுக்குக் கீழே பூனை குட்டி போட்டது.

ஒரு பின்னேரம் உலை வைத்துவிட்டு
துவாய் எடுக்கப் போனவள்
சும்மா இருந்தேன். இழுத்தேன்.
அடுப்பில் மூடி தட்டும்போது
எழுநூற்றுப் பத்து மீற்றர்.
அவ்வளவுதான் எங்கள் சட்டம்,
உலை வைத்தால் துடுப்பு.
மாரியில் விறகு ஈரமென்றால்
தூரம் கூடும்.
காஸ் வாங்கிய மாதம்
மெலியவே இல்லை நான்.

மெலிவது எனக்குப் புதிதுமில்லை.
முகாமில் நிறுத்தபோது முப்பத்தெட்டு.
அன்றைக்கு ஒருவரும் கெட்டிக்காரி என்று சொல்லவில்லை.
அதற்குப் பிறகு
கோப்பையில் ஒரு பருக்கை விட்டதில்லை.
என் கோப்பை,
பிள்ளை மிச்சம் வைத்த கோப்பை,
சட்டி வழித்த அகப்பை.
பசித்துத் தின்றேனா, பயந்து தின்றேனா?
கிளினிக் பத்திரத்தில் அதற்குக் கட்டமில்லை.

எண்பத்துநாலு வந்த அன்று
மிஸ் "வெரிகுட்" என்று சிவப்புப் பேனையால் எழுதினா.
றோட்டில் கண்ட இரண்டுபேர்
"என்ன, ஏதும் வருத்தமோ?" என்றார்கள்.
இரவு அவர் என் கன்னத்தைப் பார்த்தார்,
ஒன்றும் கதையாமல்
இன்னொரு அகப்பை சோறு போட்டார்.
அந்த முப்பத்தெட்டைக் கண்டவர் அவரும்.
கோபிக்க முடியவில்லை.
அரைவாசி தின்றேன்.
மிச்சத்தோடு கனநேரம் இருந்தேன்.

இன்றைக்குச் சுண்டு நிறைய அரிசி அள்ளி
ஒரு பிடியைத் திரும்ப வாளிக்குள் போட்டேன்.
கை யோசித்தது,
விரித்தது.

தோணி வலிக்கிறவள் முதுகு காட்டித்தான் போவாளாம்,
மகன் போனில் பார்த்துச் சொன்னான்,
போகிற இடம் அவளுக்குத் தெரியாதாம்.
எனக்கு முன்னால் சுவர்.
சங்கத்துக் கலண்டர், அதற்குப் பின்னால் பல்லியின் வால்.
முழங்கால் மடியும்போது
வயிறு முந்தியைப்போல் இடையில் நிற்கவில்லை,
கொஞ்சம் விலகி வழிவிடுகிறது.

ஆயிரத்து அறுநூறு.
மூடி தட்டுகிறது.
குசினிக்குள் அவர் நடக்கிற சத்தம்.
கஞ்சி வடிக்க அவருக்குத் தெரியும்.

இன்னும் பத்து.